ஆறு மைக்ரான் படலமும் அம்சவல்லியும்

2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை, காலை 10.20 மணி. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒலிபெருக்கி செய்யும் ஒரு கம்பெனியின் சோதனை அறை. பதினைந்தாம் எண் ஒலிபெருக்கிப் பலகைக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு எதுவும் போடவில்லை. இந்தச் சோதனைக்குப் பாட்டு கூடாது. மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு அறுபது வினாடி பலகை ஊமையாக இருந்து காட்ட வேண்டும்.

இருபத்திரண்டாம் வினாடியில் 'டிக்' என்றது, சுவரில் பல்லி சொன்னதுபோல.

"இது ரெண்டாவது," என்றார் அய்யாத்துரை. தரம் பார்ப்பதும் லைனை நடத்துவதும் அவர்தான். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகியும் பேச்சு இன்னும் ஊரிலேயே இருந்தது. "மிச்சத்தையும் போடுங்க, பாப்பம்."

மிச்சத்தையும் போட்டார்கள். 11.15க்குக் கணக்கு தெரிந்தது. மொத்தம் இருபத்து நான்கு பலகை. முதல் பன்னிரண்டும் சுத்தம். பதின்மூன்றிலிருந்து இருபத்து நான்கு வரையுள்ளவற்றில் ஏழு பலகை டிக்கென்றன. மறுநாள் காலை பதினோரு மணிக்கு இவற்றை வாங்குகிற கம்பெனியின் ஆள் மும்பையிலிருந்து வந்து ஒவ்வொன்றாகக் கேட்கப் போகிறார்.

அம்சவல்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்தொன்பது வயது, பிள்ளைப்பாக்கம். இந்த லைனில் படலம் இழுப்பது அவள் வேலை. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து ஐந்து வருடமும் மூன்று வாரமும் ஆகியிருந்தன. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நிரந்தரம் செய்வோர் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. மூன்று பெயர், அதில் அவளுடையது இரண்டாவது. ஆறு மாதத்துக்குள் 'பணியாளர் தவறு' என்று ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் போதும், பெயரை அடித்துவிடுவார்கள்.

அவள் இழுக்கிற படலம் என்னவென்று தெரிந்தால்தான் அந்த டிக் சத்தத்துக்கு ஏன் இத்தனை பேர் நடுங்கினார்கள் என்பது விளங்கும்.

கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், கம்பிச் சுருள், காகிதக் கூம்பு. சுருள் அசைந்து கூம்பின் நடுவைத் தள்ள, கூம்பு காற்றைத் தள்ளும். இந்தப் பலகையில் பெட்டியும் கிடையாது, கூம்பும் கிடையாது. ஆளுயரம், அரைக் கதவு அகலம், இரண்டு விரல் தடிமன், அவ்வளவுதான். முன்னால் ஒரு சல்லடைத் தகடு, பின்னால் ஒரு சல்லடைத் தகடு. நடுவில் ஒரு பாலியஸ்டர் படலம். தலைமயிர் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்றால் அது ஆறு மைக்ரான். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. அந்தப் பூச்சில் எப்போதும் 3,600 வோல்ட் நிற்கும். பாட்டு, மின்சாரமாக இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும். முன் தகடு இழுக்கிறபோது பின் தகடு தள்ளும். மறுகணம் இது தள்ள, அது இழுக்கும். நடுவிலுள்ள படலம் ஓரிடத்தில் மட்டும் குத்துப்படாமல் முழுதாக அசையும். கனமே இல்லாததால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். அதனால்தான் அதில் ஜால்ராவைக் கேட்டால் வெண்கலம் வெண்கலமாகவே கேட்கும்.

இதையெல்லாம் அம்சவல்லி தன் கணவன் சுப்பிரமணிக்கு ஒரே வரியில் சொல்லியிருந்தாள். "தலை வாரின சீப்பு காயிதத்த இழுக்குது பாரு, அதான்யா இது." ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவன், "அப்ப உங்க கம்பெனி சீப்பு விக்குதுன்னு சொல்லு," என்றான்.

படலத்தைத் தளர இழுத்தால் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இறுக இழுத்தால் மத்தளத்தின் அடிச் சத்தம் வராது. சரியான இறுக்கத்தைக் காட்ட மீட்டர் இருந்தது. அம்சவல்லி மீட்டரை வைக்குமுன் காதை வைப்பாள். மேசைமேல் குனிந்து, படலத்துக்கு நான்கு விரற்கடை மேலே காதைக் கொண்டுபோய், பஞ்சுக் குச்சியால் ஒரு தட்டு. பிறகு மீட்டரை வைத்தால் சரியான எண்ணான 88 என்று காட்டும். ஐந்து வருடத்தில் அவள் காது இரண்டு எண்ணுக்கு மேல் பிசகியதில்லை. பக்கத்து மேசையில் இழுக்கும் ஸ்ரீமதிக்கு இருபத்து மூன்று வயது. "அக்கா படலத்தாண்ட ரகசியம் பேசுது," என்று கேலி செய்வாள். அவள் குனியமாட்டாள், நேராக மீட்டர்தான்.

அய்யாத்துரை அன்று யாரைச் சந்தேகப்பட்டார் என்றால், பென்னலூர் இளம்பரிதியை. படலத்துக்குப் பூச்சு போட்டு உருளை உருளையாக அனுப்புகிறவன் அவன். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ஆட்கள், இந்தக் கம்பெனி ஒன்றுதான் வாடிக்கை. ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை காலை அவனுடைய புது உருளையைப் பிரித்தார்கள். டிக் சொல்லும் பலகைகள் எல்லாம் அன்று முதல் இழுத்தவை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

11.40க்கு இளம்பரிதி பைக்கைக் கேட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"சார், இன்னா சார் பேஜாரா கீது! என் கோட்டிங்குல கம்ப்ளைன்டே வந்ததில்ல சார்."

"இப்ப வந்திருக்குல்லா," என்றார் அய்யாத்துரை. "ஏ அம்சவல்லி, பதினைஞ்ச பிரிச்சுக் காட்டு."

அவள் பதினைந்தாம் பலகையின் திருகுகளைக் கழற்றி முன் தகட்டைத் தூக்கினாள். ஸ்ரீமதி விளக்கை அணைத்தாள். அய்யாத்துரை டார்ச்சைப் படலத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தார். படலத்தின் மேல்பகுதியில், கையகலத்துக்குள், மஞ்சளாகப் புள்ளிகள் தெரிந்தன. அம்சவல்லி எண்ணினாள். பதினொன்று. கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. ஆனால் தகட்டுக்கும் படலத்துக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்தான். ஆவணி வரப்போகிற ஈரக்காற்றில் அந்தத் துகள் வழியாக மின்சாரம் எகிறிக் குதித்தால், அதுதான் டிக்.

"மஞ்ச ஸ்பாஞ்சு," என்றார் அய்யாத்துரை. "உருளையச் சுத்தி மஞ்ச ஸ்பாஞ்சு வச்சுத்தான அனுப்புத? அது உதிர்ந்திருக்கு."

"சார், ரெண்டு வருசமா அதே ஸ்பாஞ்சுதான் சார்!"

"ரெண்டு வருசமானா மக்கிப் போவாதாக்கும்? பேசாத. உருளையத் திருப்பிக்கோ. நாளையோட உன் கணக்க முடிச்சுக்கிடுதோம்."

இளம்பரிதி அம்சவல்லியைப் பார்த்தான். "யக்கா, நீ சொல்லுக்கா. நீ தானே தெனமும் தொட்டு இழுக்கற. என் ஃபிலிமு எப்டி கீது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அய்யாத்துரை ஒரு தாளை நீட்டினார். "இவ சொல்லத்தான் போறா. இந்தாம்மா. பொருளில் குறை இருந்தது, வேலை செய்தவர் பார்த்தார்னு எழுதியிருக்கு. ஒரு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு. சாப்பிட்டுட்டு வா, போ."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அம்சவல்லிக்குப் பழைய கம்பெனி நினைவுக்கு வந்தது. இதற்கு முன் ஒரகடத்தில், செல்போன் சார்ஜர் செய்யும் இடத்தில் நான்கு வருடம் இருந்தாள். 2020 பிப்ரவரியில் ஒரு பெட்டிச் சரக்கு கருகிப்போனது. ஈயம் பற்றவைத்தது வேறொருத்தி. "சும்மா ஃபார்மாலிட்டிமா" என்று ஒரு தாளை நீட்டினார்கள், போட்டாள். தவறு தன்னுடையது என்று அதில் இருந்ததை நான்காம் நாள் கேட்டில் நிறுத்திச் சொன்னார்கள். அன்று முதல் படிக்காத தாளில் அவள் பேனா வைத்ததில்லை. இந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் பெயர் நல்லபடியாகத்தான் இருந்தது. கெட்ட இடத்தில் இளம்பரிதியின் பெயர் இருந்தது.

12.10. உணவறையில் உட்கார்ந்தாள். புழுக்கம். கழுத்து வேர்வையை விரலால் வழித்தாள். விரலைப் பார்த்தாள்.

மஞ்சள்.

கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

ஜூலை 19, சனிக்கிழமை அவள் தாலிச் சங்கிலி சோதனை மேசையின் முனையில் பட்டு நீலமாக ஒரு பொறி பறந்தது. மின்னோட்டம் மிகக் குறைவு, ஆள் சாகமாட்டாள், அலறுவாள். அவளும் அலறினாள். திங்கட்கிழமை 21ஆம் தேதி அய்யாத்துரையின் சுற்றறிக்கை வந்தது. இடுப்புக்கு மேல் உலோகம் கூடாது. கல்யாணமான பெண்கள் ஐந்து பேரும் வேலையை நிறுத்தி நின்றார்கள். தாலியைக் கழற்றச் சொல்ல இவர் யார்? அப்போது வழி சொன்னது அம்சவல்லிதான். "பொன்ன வூட்ல வச்சிட்டு மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கு கட்டிக்கினு வரோம் சார். அதுவும் தாலிதான்." அய்யாத்துரை நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். தெருவில் நாலு பேர், "இன்னா அம்சா, தாலி அடகுக் கடைக்குப் போயிடுச்சா?" என்று வாயைக் கிளறினார்கள். சிரித்துக்கொண்டே போனாள்.

அப்போது கட்டியது கடையில் வாங்கிய சாயக் கயிறு. ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு. ஏரிக்கரையில் பூசை போட்டு எல்லாப் பெண்களும் கயிறு மாற்றினார்கள். அவள் புதுக் கயிற்றுக்கு மஞ்சளை அரைத்துக் கெட்டியாகப் பூசிக் கட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை அதோடுதான் மேசைக்கு வந்தாள். குனிந்தாள். காதை வைத்தாள்.

சீப்பு காகிதத்தை இழுக்கும். உருளையிலிருந்து உரித்த படலம் எதை இழுக்காது?

இன்னும் நிச்சயம் இல்லை. ஸ்பாஞ்சாகவும் இருக்கலாம். அவள் எழுந்து சோதனை அறைக்குப் போனாள். ஆளில்லை. பஞ்சுக் குச்சியால் பதினைந்தாம் படலத்தின் மூன்று புள்ளிகளை ஒற்றி எடுத்தாள். எதிரே பலகை அட்டைகள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் இழுத்தவர் பெயர் உண்டு. விரல் வைத்துப் பார்த்தாள். 13, 15, 16, 18, 20, 21, 24. ஏழும் அம்சவல்லி. புது உருளையில் ஸ்ரீமதி இழுத்த ஐந்தும் சுத்தம்.

கேட்டுக்குப் போனாள். காவலாளி ராஜாமணி வெற்றிலை போடுகிறவர்.

"அண்ணே, சுண்ணாம்பு கொஞ்சம் குடு."

"நீ எப்போ வெத்தல போட ஆரம்பிச்சே?"

"குடுண்ணே, அப்புறம் கேளு."

அவர் டப்பாவை நீட்டினார். கழிவறைக்குள் போய்த் தாழிட்டாள். மிளகளவு சுண்ணாம்பை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சின்மேல் வைத்தாள். எந்த வீட்டிலும் ஆரத்திக்குச் செய்வதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். ஸ்பாஞ்சு சிவக்காது.

பஞ்சு நுனி சிவந்தது. மூன்று புள்ளியும்.

வெளியே வந்தபோது ஸ்ரீமதி எதிரில் நின்றாள். "இன்னாக்கா, பேயடிச்சாப்புல கீறே? விரல்ல இன்னா செவப்பு?"

அம்சவல்லி சொன்னாள். சொல்லச் சொல்ல ஸ்ரீமதியின் பார்வை அவள் கழுத்துக்குப் போனது.

"யக்கா, கேளு. தண்ணிய ஊத்திக் கைய கழுவு. அந்தக் கயித்த காலர் உள்ள தள்ளு. தாள்ல கையெழுத்து போடு. ரெண்டாவது பேரு உன் பேரு. அஞ்சு வருசம்கா!"

"அந்தப் பையன்?"

"அவனுக்கு வேற கம்பெனி கெடைக்கும்."

"எனக்கும் அப்டித்தான் சொன்னாங்க, ஒரகடத்துல."

 மணி 12.50. பத்து நிமிடம் இருந்தது. கழிவறைக் குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்சவல்லி போய் அதை மூடினாள், கையைக் கழுவாமல்.

சோதனை அறையில் அய்யாத்துரை போனில் இருந்தார். இளம்பரிதி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உருளைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் கையெழுத்துப் போடாத தாளை மேசையில் வைத்தாள். அதன்மேல் பஞ்சுக் குச்சியை வைத்தாள்.

"என்னம்மா இது, ரத்தமா?"

"மஞ்சா, சார். சுண்ணாம்பு வச்சா செவக்கும். உங்க ஸ்பாஞ்ச கிள்ளி வச்சுப் பாருங்க, செவக்காது." இளம்பரிதியின் உருளையிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கிள்ளி அவளே வைத்துக் காட்டினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பிறகு காலர் பித்தானைத் திறந்து கயிற்றை வெளியே எடுத்து, மேசைமேல் குனிந்து, டார்ச்சை அடித்தாள். வெள்ளைத் தாளில் பொடி விழுந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

இளம்பரிதிதான் முதலில் வாயைத் திறந்தான். "யக்கா... நீயா?"

"நான்தான். ஏழும் நான் இழுத்ததுதான். அட்டையில கீது."

அய்யாத்துரையின் முகம் கறுத்தது. "அன்னைக்கு நீதானம்மா சொன்ன? மஞ்சக் கயிறு போட்டுக்கிடுதோம்னு நீதான சொன்ன?"

"ஆமா சார், நான்தான் சொன்னேன். நீங்க கையெழுத்து போட்டீங்க."

 வாசலில் நின்ற ஸ்ரீமதி கண்ணை மூடிக்கொண்டாள். அய்யாத்துரை அந்தத் தாளை எடுத்து இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.

"சரி," என்றார். "காரணம் எழுதத்தான் செய்யணும். அதச் சாயங்காலம் பாப்பம். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆள் வாரான். ஏழு படலம். ஒண்ணுக்கு எவ்வளவு நேரம்?"

"அம்பது நிமிசம். பசை காய ராத்திரி முழுக்க வேணும். நானும் இவளும் இப்ப ஆரம்பிச்சா அஞ்சு மணிக்குள்ள இழுத்துடலாம்."

"இந்தக் கயித்தோடயா?"

 பழைய கயிற்றைக் கழற்றுமுன் புதுக் கயிறு கழுத்தில் ஏறியிருக்க வேண்டும். வெறுங்கழுத்தாக ஒரு நொடியும் நிற்க அவள் சம்மதிக்கமாட்டாள், அது அய்யாத்துரைக்கும் தெரியும். அவர் மனைவியும் அப்படித்தான். பொன் சங்கிலி உலோகம். நூல் கயிறு பஞ்சு உதிர்க்கும். கடைக் கயிறு வாங்கப் போய்வந்தால் ஒரு மணி நேரம்.

அம்சவல்லி தன் மேசையடியிலிருந்த கழிவுப் பெட்டியைத் திறந்தாள். பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படலத்தை அறுத்து அதில்தான் போடுவார்கள். ஆளுயர நீளத்தில் மூன்று கீற்றுகளை எடுத்தாள். பூச்சு படாத ஓரம், தூசி படாத பாலியஸ்டர். ஸ்ரீமதியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி முறுக்கினாள். கண்ணாடி நரம்புபோல ஒரு கயிறு வந்தது. இழுத்துப் பார்த்தாள், அறவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கழுத்தில் போட்டாள். பின்னால் ஸ்ரீமதி மூன்று முடிச்சு போட்டாள். அதற்குப் பிறகுதான் மஞ்சள் கயிற்றைக் கழற்றிக் கிழங்கோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினாள். கழுத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். சோப்பு நுரையும் சிவந்திருந்தது.

1.25க்கு முதல் படலத்தை இழுத்தார்கள். இளம்பரிதி போகவில்லை. வெளியே அழுக்குத் தகடுகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.  அம்சவல்லி ஒவ்வொரு முறையும் குனிந்து காதை வைத்தாள், தட்டினாள், மீட்டரை வைத்தாள். 88. 87. 88. நான்காவதில் 93 வந்தது. ஒரு ஓரம் கூடுதலாக இறுகியிருந்தது. உரித்துப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். 4.55க்கு ஏழாவது முடிந்தது.

5.10க்கு அய்யாத்துரை அவளை அழைத்துத் தவறு அறிக்கையைக் காட்டினார். தமிழில் எழுதியிருந்தார். "காரணம்: மஞ்சள் தூள். வந்த வழி: 21-7-2025 சுற்றறிக்கை. சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர்: ப. அய்யாத்துரை. பணியாளர்: அம்சவல்லி, தாமே கண்டுபிடித்துச் சொன்னார்."

"உன் பேர எடுக்க முடியாதும்மா. ஏழு பலகை நட்டம். மேல கேப்பாக."

"எடுக்க வேணாம் சார். இருக்கறது இருக்கட்டும்." படித்து முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை 8.30க்குச் சோதனை தொடங்கியது. 13, அறுபது வினாடி, ஒன்றுமில்லை. 15 ஒன்றுமில்லை. 16. 18. 20. 21. கடைசியாக 24. நாற்பதாவது வினாடியில் எங்கோ 'டக்' என்றது. அம்சவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீமதி கையைத் தூக்கினாள். அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்திருந்தது.

"அடிப்பாவி," என்றார் அய்யாத்துரை. மறுபடி அறுபது வினாடி. மறுபடி ஒன்றுமில்லை.

11.05க்கு மும்பைக்காரர் வந்தார். பலகைகளைச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வைக்கச் சொன்னார். முன்னால் போகிற சத்தம் அளவுக்குப் பின்னாலும் போகும், சுவர் ஒட்டியிருந்தால் இரண்டும் மோதிக் குழம்பும். ஒவ்வொரு பலகையிலும் மூன்று நிமிடம் கேட்டார். இருபத்து நான்கையும் எடுத்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் போனது. திங்கட்கிழமை 9.15க்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டே பெயர். அவளுடையது இல்லை. ஓரத்தில் பேனாவால், 'அம்சவல்லி: 2026 பிப்ரவரிப் பட்டியலில் பரிசீலிக்க' என்றிருந்தது. அதன் பக்கத்தில் புதுச் சுற்றறிக்கை. உலோகம் கூடாது, மஞ்சள் கூடாது, படலக் கயிறு ஸ்டோரில் கிடைக்கும். அவள் இரண்டையும் கடைசி வரி வரை படித்துவிட்டு மேசைக்குப் போனாள்.

அன்று மாலை வீட்டில் சுப்பிரமணி அவள் கழுத்தை உற்றுப் பார்த்தான். நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டு கேட்காமல் இருந்தது அப்போதுதான் வாயில் வந்தது.

"இன்னாடி அது, முட்டாய்க் காயிதமா?"

"ஆறு மைக்ரான்," என்றாள் அம்சவல்லி. "நீ கட்டினதவிட கெட்டி."